ட்ரிப்பர் விழாமல் செய்துவிட்டார்கள். இப்போது கிரில்லைத் தொட்டால் ஜிவ்வென்கிறது

வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு சகோதரியின் கடிதம் இது. பேரையும் ஊரையும் விட்டுவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

முதல் மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். கீழ்வீடு பழையது, மாடி பிறகு எடுத்தது. மாடியில் கணவர், 9 வயது மகன், 74 வயது மாமியார், இவர் என நான்கு பேர். பால்கனியில் இரும்பு கிரில். அதில்தான் துணி காயப்போடும் கொடிக்கம்பியின் ஒரு முனையும் கட்டியிருக்கிறது. தீபாவளிக்கு அந்த கிரில்லைச் சுற்றி சீரியல் செட் போட்டார்கள். மழை பிடித்த சாயங்காலங்களில் ட்ரிப்பர் விழ ஆரம்பித்தது. தூக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி விழும். தீபாவளிக்கு முந்தைய இரவு, பலகார வேலை நடக்கும்போது வீடே இருட்டாகிவிட, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் போர்டைத் திறந்து பார்த்து, "இந்த ஆர்.சி.சி.பி.தான் தொந்தரவு, டைரக்ட் பண்ணிடறேன்" என்று சொல்லி, கசிவு வந்தால் துண்டிக்கும் அந்தக் கருவியைத் தாண்டி ஒயரை நேராக இணைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு தடவைகூட விழவில்லை.

கார்த்திகை வரை இருக்கட்டும் என்று சீரியல் செட்டைக் கழற்றவில்லை. போன வாரம் மகன், "அம்மா, கிரில்லைத் தொட்டா ஜிவ்வுன்னு இருக்கு" என்றிருக்கிறான். கணவர் டெஸ்டர் வைத்துப் பார்த்தார், மங்கலாக எரிந்தது. "இது வெறும் இன்டக்‌ஷன். நிஜமா லீக் ஆனா எம்.சி.பி. விழுந்துடும்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரர், "இருபது வருஷமா எத்தனையோ பேர் குடியிருந்தாங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீங்க லைட் போட்டதால வந்த வினை, உங்க செலவுல பார்த்துக்குங்க" என்கிறார். இதோடு இன்னும் இரண்டு கவலைகள். ஹாலில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்டக்‌ஷன் அடுப்பு போட்டுப் போட்டு, அடுப்பு செருகும் ஓட்டை பழுப்பேறி இருக்கிறது. மாமியார் கார்த்திகைக்கு வீடு முழுக்க அகல் ஏற்றுவார். போன வருடம் ஜன்னல் திரையின் நுனி கருகியது.

அவர் கேட்பது: இந்த வருடம் லைட் போடலாமா? வீட்டுக்காரரைச் செய்ய வைக்க முடியுமா? அப்புறம் கடைசியில் ஒரு வரி: "எல்லாத்துக்கும் பயப்படறேன்னு வீட்டுல சொல்றாங்க. நான் நிஜமாவே அதிகமா பயப்படறேனா?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் வீட்டில் இப்போது சரியாகக் கணித்திருப்பவர்கள் நீங்களும் உங்கள் மகனும்தான். கட்டிடங்களின் மின் இணைப்புகளைச் சோதிப்பதே என் தொழில். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று விஷயங்களும் சேர்ந்து இருக்கும் வீட்டை, அதாவது கழற்றப்பட்ட ஆர்.சி.சி.பி., ஜிவ்வென்கிற இரும்பு, நடுவில் ஒரு மழைக்காலம், இந்த மூன்றும் இருக்கும் வீட்டை நான் ஒரு நாள்கூட அப்படியே விடமாட்டேன்.

அதனால் இதைப் படித்து முடித்ததும் செய்ய வேண்டியது. சீரியல் செட்டின் ப்ளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பல பழைய வீடுகளில் சுவிட்ச், கரண்ட் வரும் ஃபேஸில் இல்லாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் மாட்டியிருக்கும். அணைத்தாலும் ஒயரில் கரண்ட் இருக்கும். மகனையும் அத்தையையும் பால்கனிப் பக்கம் விடாதீர்கள். கொடியில் துணி கிடந்தால் கிடக்கட்டும், எடுக்கப் போகாதீர்கள். தகுதியுள்ள ஒயர்மேன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்து, கிரில்லில் ஒன்றும் இல்லை என்று சொல்லும்வரை அந்த இரும்பை யாரும் தொட வேண்டாம். "இப்போ இருக்கான்னு பாரு" என்று கையால் சோதிக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

மெயினை அணைத்துவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்றும் நினைக்காதீர்கள். இன்வெர்ட்டர் இருந்தால், மெயின் போன அடுத்த நொடி அதிலிருந்து அதே 230 வோல்ட் வர ஆரம்பித்துவிடும். கரண்ட் போன நேரத்தில் ஃபேன் ஓடுகிற ஒவ்வொரு ஒயரிலும் ஆளைக் கொல்லும் மின்சாரம் இருக்கிறது. மெயினை அணைத்தால் இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். இன்னொன்று, கிரில்லுக்கு வரும் கசிவு கீழ்வீட்டிலிருந்துகூட வரலாம். அப்படியானால் உங்கள் மெயினை அணைப்பதால் எதுவும் மாறாது. கையால் தொட வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதற்காகத்தான்.

இரண்டு கருவிக்கும் ஒரே பேர்

குழப்பம் தொடங்கும் இடம் 'ட்ரிப்பர்' என்ற சொல். போர்டில் விழுகிற எல்லாவற்றையும் நாம் ட்ரிப்பர் என்றே சொல்கிறோம். ஆனால் உள்ளே இரண்டு தனி ஜாதிக் கருவிகள் இருக்கின்றன.

எம்.சி.பி. ஒயருக்குக் காவல். ஒயர் தாங்குவதைவிட அதிகமாகக் கரண்ட் ஓடினாலோ, ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டாலோ அது விழும். 6 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் 6 ஆம்பியரைத் தாண்டிய பிறகுதான் அது யோசிக்கவே ஆரம்பிக்கும். 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர். மனித உடம்புக்கு வருவோம். சுமார் 10 மில்லி ஆம்பியர் கை வழியாக ஓடினாலே விரல்கள் இறுகிக்கொள்ளும். பிடித்ததை விட முடியாது. 30-ஐ ஒட்டி மூச்சுத் தசைகள் திணறும். 50-ஐத் தாண்டி அது நெஞ்சு வழியாக ஒரு சில நொடி ஓடினால் இதயம் துடிப்பை விட்டு நடுங்க ஆரம்பித்துவிடலாம். இவ்வளவு நடந்தும் எம்.சி.பி.க்கு ஒன்றுமே தெரியாது. அதன் கணக்கில் அங்கே ஒரு சின்ன பல்பு எரிகிறது, அவ்வளவுதான். "லீக் ஆனா எம்.சி.பி. விழுந்துடும்" என்று உங்கள் கணவர் சொன்னதில் இருக்கும் பிழை இது. அவர் மட்டும் இல்லை, நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் இதையே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆர்.சி.சி.பி.தான் உடம்புக்குக் காவல். ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். போனது ஒன்று, வந்தது ஒன்று என்று வித்தியாசம் தெரிந்தால், மிச்சம் வேறெங்கோ கசிகிறது என்று அர்த்தம். ஈரச்சுவர் வழியாகவோ, கிரில் வழியாகவோ, ஒரு மனிதர் வழியாகவோ. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொடுவதற்குள் அது துண்டித்தாக வேண்டும். அதற்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. 6000 எங்கே, 30 எங்கே!

வீடுகளிலும் 30 மில்லி ஆம்பியர் கசிவுப் பாதுகாப்புக் கருவி இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2023 முதல் விதியாகவே இருக்கிறது. உங்கள் வீட்டில் அது இருந்தது. வேலையும் செய்தது. அந்த மழைச் சாயங்காலங்களில் ஒவ்வொரு முறை விழும்போதும், "எங்கேயோ கசியுது, பாருங்க" என்றுதான் அது சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டிவிட்டோம். கசிவு அங்கேயே இருக்கிறது. இப்போது அதை உணர்கிற ஒரே கருவி உங்கள் மகனின் கை. இதை எழுதும்போதே எனக்குப் பதறுகிறது.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு வீட்டுக்கு விபத்துக்குப் பிறகு போக நேர்ந்தது. அங்கேயும் மாடி கிரில், அங்கேயும் சீரியல் செட். கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிய இடத்தில் ஒயரின் தோல் அறுந்திருந்தது. கிரில்லில் இருந்து கொடிக்கம்பி போயிருந்தது. மழை விட்ட காலையில் ஈரத் துணியைக் கொடியில் போட்ட அந்த வீட்டுப் பெண் திரும்பி வரவில்லை. ஃபியூஸ் போகவில்லை, ட்ரிப்பர் விழவில்லை, உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் கொடிக்கம்பி என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அந்த மாடிதான் ஞாபகம் வந்தது.

"இன்டக்‌ஷன்தான்" என்றால்?

உங்கள் கணவர் சொன்னதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். ஒரு இரும்பைச் சுற்றி ஒயர் ஓடும்போது, தோல் எங்கும் அறுபடாமலே டெஸ்டர் மங்கலாக எரிவது உண்டு. இன்டக்‌ஷன் என்று அவர் சொல்வது இதைத்தான். அது ஆளைக் கொல்லும் அளவுக்கு இருக்காது. ஆனால் அந்த மங்கலும், ஈரத்தில் பலவீனமாகக் கசிகிற நிஜக் கசிவின் மங்கலும் டெஸ்டருக்கு ஒன்றுதான். காய்ந்த செருப்போடு நின்று பார்க்கும்போது மங்கல். அதே கசிவு ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவருக்கு வேறு மாதிரி. டெஸ்டர் நிற்பவரைப் பொறுத்துக் காட்டும் கருவி, அதை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது.

இங்கே நீங்கள் எழுதிய ஒரு வரி எனக்குப் பாதி விடையைத் தந்துவிட்டது. மழை நாட்களில் மட்டும் விழுந்தது என்கிறீர்கள். இன்டக்‌ஷன் மழை பார்த்து வராது. ஈரம் பட்டால் கசிகிற ஏதோ ஒரு இடம் இருக்கிறது. சீரியல் செட்டின் இணைப்பாக இருக்கலாம், பால்கனி பல்பின் ஹோல்டராக இருக்கலாம், சுவருக்குள் நீர் இறங்கிய பைப்பாக இருக்கலாம்.

எலக்ட்ரீஷியன் மீதும் முழுப் பழி போடத் தோன்றவில்லை. பண்டிகைக்கு முந்தைய இரவு, பத்து வீட்டுக்காரர்கள் போனில் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அது. கசிவைத் தேடிப் பிடிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். கருவியைக் கடந்து இணைக்க ஐந்து நிமிடம் போதும். வெளிச்சம்தான் கேட்டார்கள், வெளிச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் அது தவறான வேலை. அடுத்து வருபவரிடம், "கரண்ட் போகாம பண்ணுங்க" என்று சொல்லாதீர்கள். "எங்கே கசியுதுன்னு கண்டுபிடிச்சுக் கொடுங்க" என்று சொல்லுங்கள்.

அவர் செய்ய வேண்டியது என்ன என்று தெரிந்திருந்தால், ஒப்பேற்றுகிறாரா என்று உங்களுக்கே புரியும். முதலில் ஆர்.சி.சி.பி.யை மறுபடி இணைப்பார், அல்லது அது பழுதாகியிருந்தால் புதிது மாட்டுவார். டூ-போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), 30 மில்லி ஆம்பியர், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. பிறகு எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்ப்பார். எதைத் தூக்கும்போது விழுகிறதோ அந்த லைனில் கசிவு. எல்லாவற்றையும் இறக்கியும் விழுகிறது என்றால் குழம்ப வேண்டாம், ஒற்றை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது, நியூட்ரல் எங்கேயோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். இன்வெர்ட்டர் மாட்டும்போது அதன் நியூட்ரலையும் மற்ற நியூட்ரலையும் ஒன்றாகக் கலந்துவிட்டிருந்தாலும் ஆர்.சி.சி.பி. விழும். அப்போதும் பிழை ஒயரிங்கில்தான். பல வீடுகளில் ஆர்.சி.சி.பி. கழற்றப்படுவதற்கு இந்த நியூட்ரல் கலப்புதான் காரணம்.

கடைசியாக மெகர், அதாவது ஒயரின் தோல் கசியாமல் தாங்குகிறதா என்று சோதிக்கும் மீட்டர், போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் ஒவ்வொரு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். மெகர் இல்லாமல், பார்த்ததும் "எல்லாம் நல்லாயிருக்கு" என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

எர்த்தையும் மறக்காமல் கேளுங்கள். பிறகு எடுத்த மாடிகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை இது: கீழிருந்து ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் மேலே வந்திருக்கும், பச்சை ஒயர் வந்திருக்காது. சுவரில் மூன்று ஓட்டை ப்ளக் பாயின்ட் அழகாக இருக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னால் எதுவுமே இருக்காது. உங்கள் வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எல்லாம் அந்த ஓட்டையை நம்பித்தான் ஓடுகின்றன.

வீட்டுக்காரரிடம் எப்படிப் பேசுவது?

"உங்க செலவுல பார்த்துக்குங்க" என்பது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தவறும் இல்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது, எந்தப் பழுது யார் பொறுப்பு என்று ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. வீட்டின் உள்ளும் வெளியும் உள்ள ஒயரிங், அதைச் சார்ந்த பராமரிப்பு வீட்டு உரிமையாளருடையது. சுவிட்ச், சாக்கெட், சர்க்யூட் பிரேக்கர் பழுது குடியிருப்பவருடையது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் இதற்கு என்ன அர்த்தம்? சீரியல் செட்டில்தான் கசிவு என்று தெரிந்தால், அது உங்கள் பொருள், உங்கள் செலவு. ஆர்.சி.சி.பி.யைக் கடந்து இணைத்ததும் நீங்கள் அழைத்த ஆள்தான், அதைத் திரும்ப மாட்டுவதை உங்கள் கணக்கில் வைத்துக்கொள்வதே நியாயம். சுவருக்குள் ஒயர் கெட்டிருந்தாலோ, மாடிக்கு எர்த்தே வரவில்லை என்றாலோ அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. "இருபது வருஷமா ஒண்ணும் ஆகல" என்பது பதிலாகாது. ஒயரின் தோலுக்கும் வயதாகும்; இருபது வருடம் ஆனதுதான் இப்போது பார்க்க வேண்டியதற்கே காரணம்.

ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்காதீர்கள். முதலில் ஒயர்மேனை நீங்களே வரவழையுங்கள். அந்தக் கூலியைப் பற்றி இப்போது பேச வேண்டாம். அவர் சோதிக்கும்போது வீட்டுக்காரரையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள். "அண்ணே, உங்க வீட்டு கிரில்லும் இதோடதான் சேர்ந்திருக்கு, உங்க பிள்ளைகளும் தொடுவாங்க, ஒரு தடவை பார்த்துடலாம்" என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் மேலே வந்துவிடுவார்கள். மீட்டரில் எண் தெரியும்போது வாக்குவாதம் குறைந்துவிடும். ஒயர்மேன் கண்டதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படியும் மறுத்தால் அந்தத் தாளின் படத்தோடு வாட்ஸ்அப்பில் ஒரு மரியாதையான செய்தி அனுப்புங்கள், தேதியோடு பதிவாகிவிடும். அதற்கு மேல் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்க வழி இருக்கிறது. பழுதை நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு வரம்பும் முறையும் உண்டு, ஒரு வழக்கறிஞரிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்காமல் கழிக்காதீர்கள். ஒன்று மட்டும் உறுதி: கேள்வி கேட்டதற்காக வீட்டுக்காரர் உங்கள் கரண்டையோ தண்ணீரையோ நிறுத்த முடியாது.

ஒயரிங் வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது போன்ற சின்ன வேலைகளைத் தாண்டினால், உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் சுவரிலோ கிரில்லிலோ உரசுவது தெரிந்தால் அது மின்வாரியத்தின் வேலை. அதன் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லுங்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

பழுப்பேறிய அந்த ஓட்டை

கடிதத்தில் நீங்கள் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தீ விபத்து என்று பார்த்தால் உங்கள் வீட்டில் எனக்குப் பெரிய பயம் இதுதான்.

2000 வாட் இன்டக்‌ஷன் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் செருகியிருக்கும் சின்ன பாயின்ட் 6 ஆம்பியருக்கானது. கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். அதைவிட மோசம், உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு சூட்டில் தளர்ந்து ப்ளக்கை லூசாகப் பிடிப்பது. லூசான இடத்தில் பொறி பறக்கும், இன்னும் சூடாகும், இன்னும் தளரும். இந்தச் சூடு எம்.சி.பி.க்கும் தெரியாது, ஆர்.சி.சி.பி.க்கும் தெரியாது. ஏனென்றால் லூசானதால் ஓடுகிற கரண்ட் கூடவும் இல்லை, எங்கும் கசியவும் இல்லை. பிளாஸ்டிக் பழுப்பாவதும், மீன் வாடை மாதிரி ஒரு தீய்ந்த நெடி வருவதும்தான் எச்சரிக்கை.

அந்த பாக்ஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அது செருகியிருந்த சுவர் பாயின்ட்டும் நிறம் மாறியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். இன்டக்‌ஷன் அடுப்பு, அயர்ன் பாக்ஸ், கெட்டில், ஹீட்டர், இவையெல்லாம் சுவரிலிருக்கும் 16 ஆம்பியர் பெரிய பாயின்ட்டில் நேராகத்தான். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சார்ஜருக்கும் சீரியல் செட்டுக்கும் போதும். பெரிய ப்ளக்கைச் சின்ன பாயின்ட்டில் செருகும் கன்வெர்ட்டர் வீட்டில் இருந்தால் அதையும் சேர்த்துப் போடுங்கள்.

சரி, கார்த்திகைக்கு லைட் போடலாமா?

ஆர்.சி.சி.பி. திரும்ப வேலை செய்து, கசிவு எங்கே என்று தெரிந்து, அது சரியான பிறகு போடலாம். அதற்குள் கார்த்திகை வந்துவிட்டால் இந்த வருடம் அகல் மட்டும் போதும். இதில் நடுவழி எதுவும் சொல்ல எனக்கு மனமில்லை.

பழைய செட்டை மறுபடி தொங்கவிடாதீர்கள். "எல்.இ.டி.தானே, கரண்ட் கம்மி, ஷாக் அடிக்காது" என்று கடைக்காரரே சொல்வார். எரிய அது எடுத்துக்கொள்ளும் கரண்ட் கம்மிதான். ஆனால் அந்த நூல் போன்ற ஒயரில் வீட்டின் 230 வோல்ட் அப்படியே ஓடுகிறது. தோல் அறுந்த இடத்தைத் தொட்டால் அடிப்பது அந்த 230தான். ப்ளக் இருக்கும் இடத்திலேயே சின்ன அடாப்டர் பெட்டி வைத்து, அதற்கு அப்புறம் குறைந்த வோல்ட்டில் ஓடும் செட்டுகள் கிடைக்கின்றன. கொஞ்சம் விலை கூட. அதையே வாங்குங்கள், வெளியில் போடத்தக்கது என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அடாப்டர் மட்டும் வீட்டுக்குள், மழை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

கட்டும்போது கிரில்லில் சுற்றி முறுக்காதீர்கள். நைலான் கயிற்றைக் குறுக்கே கட்டி, அதில் பிளாஸ்டிக் கிளிப்பால் ஒயரைத் தொங்கவிடுங்கள். இரும்புக் கம்பி, ஆணி, ஸ்டேப்ளர் எதுவும் ஒயர் பக்கம் வரக்கூடாது. ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சாண் கீழே தொங்கி, பிறகு மேலேறி உள்ளே போகட்டும். மழைநீர் ஒயர் வழியே ஓடி வந்தாலும் அந்தத் தாழ்வில் சொட்டிவிடும், ப்ளக்குக்குள் போகாது. ஜன்னல் கதவு ஒயரை நசுக்கக்கூடாது. ப்ளக் இல்லாமல் ஒயர் முனையைச் சீவித் தீக்குச்சியால் ஓட்டைக்குள் அடைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது, உங்கள் வீட்டில் இருக்காது என்று நம்புகிறேன். படுக்கப் போகும்முன் ப்ளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அத்தையின் அகல் விளக்குகள்

அவரிடம் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். 74 வயதில் வருடத்துக்கு ஒரு நாள் அவர் ஆசையோடு செய்கிற காரியம் அது. இடத்தை மட்டும் நீங்கள் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் கட்டையும் திரைக்குப் பக்கமும் வேண்டாம். அன்று ஒரு நாள் திரைகளைக் கழற்றி மடித்து வைத்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும். வாசல் படி, தரை, தட்டில் மணல் பரப்பி அதன் மேல் அகல், இவையெல்லாம் நல்ல இடங்கள். சீரியல் ஒயர் ஓடும் சுவரில் அகல் வைக்கவே கூடாது; ஒயரின் தோல் உருகிவிடும். மர பூஜை அலமாரிக்குள் விளக்கு வைப்பதாக இருந்தால் கதவைத் திறந்தே வையுங்கள், சுடருக்கு மேலே தட்டு நெருக்கமாக இருக்கக்கூடாது. கேஸ் அடுப்பு, ரப்பர் டியூப் பக்கம் ஒரு விளக்கும் வேண்டாம்.

அத்தைக்குப் பருத்திப் புடவை கட்டச் சொல்லுங்கள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். நைலான், பாலியஸ்டர் தீப்பிடித்தால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். குனிந்து ஏற்றுவதைப் பேரன் செய்யட்டும், பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள். எண்ணெய் ஊற்றுவது எரியும் விளக்கில் வேண்டாம். விளக்கை அணைக்கக்கூடாது என்பார். எல்லாம் மலையேறும்வரை ஒருவர் விழித்திருங்கள், இல்லையென்றால் படுக்கும்முன் பூவால் அவரே அமர்த்தட்டும்.

கை மீறிப் போனால்

யாருக்காவது ஷாக் அடித்து ஒட்டிக்கொண்டால் கையால் இழுக்காதீர்கள். மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைப்பது முதல் வேலை. முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் நடு நெஞ்சில் இரண்டு கையால் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள், இன்னொருவர் 108-ஐக் கூப்பிடட்டும். கரண்ட் தீயிலும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றக்கூடாது. வாணலியில் பிடித்தால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். உடையில் பிடித்தால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். தீக்காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பேஸ்ட், மாவு, இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம். தீயணைப்பு 101. இந்த எண்களை ஃப்ரிட்ஜ் கதவில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அத்தை படிக்கும் அளவுக்குப் பெரிதாக.

அப்புறம் உங்கள் மகன். ஜிவ்வென்றது என்று அவன் வந்து சொன்னதற்கு, "ஒண்ணுமில்ல போ" என்ற பதில்தான் இதுவரை கிடைத்திருக்கிறது. இன்று அவனைக் கூப்பிட்டு, நீ சொன்னது சரி, இனிமேலும் இப்படி ஏதாவது தெரிந்தால் உடனே சொல் என்று சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யின் முகப்பில் 'டி' என்று எழுதிய சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கருவி விழ வேண்டும். விழாவிட்டால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம். மாதம் ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும். புதிதாக மாட்டி முடித்த அன்று, உங்கள் கணவரும் வீட்டுக்காரரும் பக்கத்தில் நிற்கும்போது, முதல் தடவை அந்த பட்டனை அவன் அழுத்தட்டும்.